பக்கத்துத் தீவில் அவள்

விசாவுக்குப் படம் எடுக்கப் போனபோது எனக்கு அறுபது முடிந்திருந்தது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், "சார், சிரிக்காதீங்க. சிரிச்ச மூஞ்சியா இருந்தா தள்ளிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் உதட்டை இறுக்கிக்கொள்வேன். அவர் கேமராவுக்குப் பின்னால் குனிவார். எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிடும். கடைசியில் சலித்துப்போய், "இன்னா சார், பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றார்.

ஏறத்தாழ அதேதான். என் மனைவியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் அதற்கு முன்பே மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியையாக இருந்தாள். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், எங்கள் ஒரே மகளுக்குத் திருமணம் முடிந்ததும் ஒருநாள், "நான் வெளிய போய்ப் பாடம் சொல்லித் தரலாம்னு இருக்கேன்" என்றாள். வெளியே என்றால் உளுந்தூர்பேட்டையா, திருக்கோவிலூரா என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டாள், தேர்வானாள், போய்விட்டாள். நான் தோட்டக்கலைத் துறையில் இருந்தேன். பாதி வாழ்க்கையைக் கல்வராயன் மலையில் மிளகுக் கொடியும் பலாக் கன்றும் மரவள்ளியும் பார்த்தே கழித்தவன். பணி ஓய்வுக்கு இன்னும் நாள் இருந்ததால் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ஊரிலேயே இருந்தேன்.

ஓய்வு பெற்ற சில வாரங்களில் அவளிடமிருந்து போன்.

"ஏங்க, எங்க தீவுக்குப் பக்கத்துத் தீவுல காய்கறித் தோட்டம் போட்டுக்கினு இருக்காங்க. மேற்பார்வைக்கு வெவரம் தெரிஞ்ச ஆள் வேணுமாம். ஒரு வருஷ வேல. உங்களப் பத்திச் சொல்லட்டுமா?"

"சொல்லேன்."

"அப்பிடிப் பட்டுனு சொல்லாதீங்க. நெஜமா வருவீங்களா? நல்லா யோசிச்சு நாளைக்கிச் சொல்லுங்க. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன்."

அன்று இதை அவளுடைய தயக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டு, வருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே இளைஞனின் குரல்போலக் கேட்டது.

வழியனுப்பத் திருக்கோவிலூரிலிருந்து அவளுடைய தம்பி வந்திருந்தான். பெட்டியைக் கட்டும் சாக்கில் அவன் என்னைக் கிண்டல் செய்ததுதான் அதிகம்.

"ஊர்ல ஆம்பள வெளிநாடு போவான், பொம்பள வூட்ல உக்காந்துகினு போன் வருமான்னு பாத்துக்கினு இருப்பா. உங்க வூட்ல மட்டும் எல்லாம் தலகீழு மாமா."

"நீ கயித்த இழுத்துக் கட்டுடா."

"கட்றேன், கட்றேன். போறது போறீங்க, திரும்பி வர்றப்போ அக்காவக் கையோட இட்டுக்கினு வந்துடுங்க. பெரிய வூடு, பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்குது?"

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்தப் பேச்சு என்னோடு விமானம் ஏறியது. ஒரு வருடம் அவள் பக்கத்தில் வேலை, பிறகு இரண்டு பேருமாக ஊருக்கு என்று மனதுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பாள் என்று தெரியும்.

உளுந்தூர்பேட்டைக்குப் போய்த் திருச்சிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறி, இரண்டு பேருந்து மாறித் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து விமானம். ஜன்னலுக்குக் கீழே கடலில் பச்சை வளையங்கள் தென்பட்டபோது பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவர் அங்கேயே வேலை பார்ப்பவர் போலிருக்கிறது, தூக்கத்தில் தலையாட்டினார். சுங்கத்தில் ஒரு இளைஞன் என் பெட்டியைத் திறந்து, ஜவ்வரிசி வடாம் மூட்டையைத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டான். மரவள்ளிக் கிழங்கில் தொடங்கி, பால் எடுத்து, உருட்டி, வறுத்து, கூழ் காய்ச்சி, வெயிலில் காய வைப்பது வரை விளக்கினேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "இதை எதற்காகச் செய்கிறீர்கள்?" என்றான். எண்ணெயில் போட்டால் பொரியும், என் மனைவிக்குப் பிடிக்கும் என்றேன். சிரித்துவிட்டு, பெட்டியை மூடிக்கொள்ளச் சொன்னான்.

படகில் அவளுடைய தீவுக்குப் போய் இறங்கியபோது துறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள், செருப்பு இல்லாமல் மணலில் நின்றாள். ஊரில் வாசலைத் தாண்டினாலே செருப்பைத் தேடுகிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். என் பெட்டியை அவளே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். அந்தத் தீவில் எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. என்னை யார் என்று அவளிடம்தான் கேட்டார்கள்.

நான் வேலை பார்த்த தீவுக்கும் அவள் இருந்த தீவுக்கும் நடுவில் படகில் ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம்தான். ஆனால் படகு தினமும் வராது. வியாழக்கிழமை சாயங்காலம் போவேன், வெள்ளி, சனி அங்கே விடுமுறை, ஞாயிறு காலையில் திரும்புவேன். மற்ற நாட்களில் வேலை முடிந்ததும் கரையில் உட்கார்ந்து, எதிரே பச்சைக் கோடாகத் தெரியும் அவளுடைய தீவைப் பார்த்துக்கொண்டு போனில் பேசுவேன்.

"இப்போ வெளிய வந்து நில்லு."

"நின்னா? தெரியவா போறேன்?"

"தெரியாட்டி இன்னா, நீ நிக்கிறன்னு தெரிஞ்சா போதும்."

"வயசானா புத்தி கெட்டுப்போவுமாம், சரியாத்தான் இருக்குது" என்பாள். ஆனால் வந்து நிற்பாள். பின்னணியில் காற்றுச் சத்தம் மாறுவதிலிருந்து எனக்குத் தெரிந்துவிடும்.

என்னோடு தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். வியாழக்கிழமை மத்தியானமே நான் சவரம் செய்துகொள்வதையும், இஸ்திரி போட்ட சட்டையைக் கொடியில் தொங்கவிட்டு மணல் படாமல் காவல் காப்பதையும் பார்த்து, "சாச்சாவுக்குக் கல்யாணம், சாச்சாவுக்குக் கல்யாணம்" என்று அவர்கள் மொழியில் பாடுவார்கள். சாச்சா என்றால் சித்தப்பா. கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், அவளைப் பார்க்க அதுவரை நான் இப்படிக் காத்துக் கிடந்ததில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அவள் வரும் நேரம், போகும் நேரம்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியாது.

வேலையில் முதலில் நன்றாகச் சறுக்கினேன். மலையில் மழைக்குக் கிழங்கு அழுகாமல் இருக்க மண்ணை மேடாகக் கூட்டித்தான் நடுவோம். அந்தப் பழக்கத்தில் பூசணிக்கும் சர்க்கரைவள்ளிக்கும் வரிசை வரிசையாக மேடு போட வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அங்கே மண்ணே கிடையாது, பவளம் உதிர்ந்த வெள்ளை மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய், மேடு முழுக்க வெந்துபோனது. பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக்கி, பள்ளம் தோண்டி, உள்ளே இலைக் குப்பையும் மீன் கழிவு உரமும் போட்டு நட்டோம். அவளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மலை ஆபீசர் பருப்பு மணல்ல வேகலையா?"

"வேகும், வேகும். கொஞ்சம் பொறு."

வெந்தது. மிளகாய் காய்த்தது, தர்ப்பூசணி பிடித்தது. முதல் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு படகேறினேன்.

அவளுக்கு அந்தத் தீவில் ஏன் அவ்வளவு பிடிப்பு என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். படகுத்துறைக் கல்லில் ஒரு சூரை மீனைக் கிடத்தி, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உறுப்பாக எடுத்து வைத்து, பெயரும் வேலையும் சொன்னாள். சுற்றிலும் ஒரு பெஞ்சு வரிசையில் அடங்கிவிடும் அளவுக்குப் பிள்ளைகள். என் மனைவி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தீவில் உயிரியல் படிக்க வேண்டுமென்றால் முன்பெல்லாம் வீட்டை விட்டு வேறு தீவுக்குப் போய்த் தங்க வேண்டுமாம். பெண் பிள்ளைகளைப் பெரும்பாலும் அனுப்ப மாட்டார்களாம். சொந்தத் தீவிலேயே இருந்து அந்தப் பாடத்தில் பொதுப் பரீட்சை எழுதப்போகும் முதல் கூட்டம் இவர்கள்தான். அடுத்த ஆண்டு பரீட்சை.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "இதுங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நான் எங்கியும் நவுர மாட்டேங்க. இன்னும் ஒரே வருஷம். அதுக்கப்பறம் நீங்க எங்க சொல்றீங்களோ அங்க."

"ம்" என்றேன். தர்ப்பூசணியை எங்கே வெட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதமோ என்னவோ இருந்தபோது அது நடந்தது.

அவளுடைய தீவில் சாயங்காலம் ஆண்கள் மரத்தடியில், இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய நாற்காலிகளில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நானும் அப்படிச் சாய்ந்திருந்தேன். பள்ளி முதல்வர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். என் மிளகாயைப் பற்றி விசாரித்தார், நான் மகிழ்ச்சியாக அளந்தேன். மலையைப் பற்றிக் கேட்டார், அதையும் அளந்தேன். பிறகு சாதாரணமாக, "மேடம் அடுத்த ஆண்டும் தொடர்வார்கள்தானே? ஞாயிற்றுக்கிழமை காலியிட விவரம் அனுப்ப வேண்டும்" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம். வங்கியில் அவளுடைய கணக்கைப் பற்றி என்னிடம்தான் கேட்பார்கள். டாக்டர் அவளுடைய நாடியைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை நாளா வலி சார்?" என்று என்னைக் கேட்பார், நானும் சொல்வேன். புருஷன் பக்கத்தில் இருக்கும்போது மனைவியிடம் நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு. கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். என் வாய் அந்தப் பழக்கத்தில் ஊறிய வாய்.

"இல்லை சார், இந்த ஆண்டோடு சரி. நாங்கள் சேர்ந்தே ஊருக்குப் போகிறோம்" என்றேன்.

பழக்கத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அவள் கூப்பிடு தூரத்தில், வீட்டுக்குள் வடாம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாசனை என் நாற்காலி வரை வந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு பதில் வரும் என்று தெரிந்ததால்தான் கூப்பிடவில்லை. அந்தப் பதிலைச் சொல்லி முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு குதூகலம் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். கள்ளக்குறிச்சி வீட்டைத் திறந்து விளக்குப் போடுவதையும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவதையும் அங்கேயே உட்கார்ந்து கண்ணால் கண்டேன். அவளிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு வாரமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, மத்தியான வெயிலில், நான் பள்ளத்துக்குள் நின்று உரம் கிளறிக்கொண்டிருந்தேன். பையன் ஒருவன், "சாச்சா! சாச்சி!" என்று கத்தினான். நிமிர்ந்து பார்த்தால் அவள். மீன்பிடிப் படகு ஒன்றைப் பிடித்து வந்திருந்தாள். அதுவரை ஒருமுறைகூட அவள் என் தோட்டத்துக்கு வந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய், "வா, வா, ந்தா இதப் பாரு" என்று மிளகாய்ப் பாத்தியைக் காட்டினேன், சொட்டுநீர்க் குழாயைக் காட்டினேன், நான் வெட்டிய கிணற்றின் மூடியைத் திறந்து காட்டினேன். நான் காட்டியதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கிணற்றடியில் நின்றாள்.

"பிரின்சிபால் கிட்ட இன்னா சொன்னீங்க?"

என் கையில் கிணற்று மூடி இருந்தது.

"என் எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சாம். ஸ்டாப் ரூம்ல வாழ்த்துச் சொல்றாங்க எனக்கு. ஊருக்குப் போறீங்களாமே, சந்தோஷமான்னு கேக்கறாங்க. நான் முழிக்கிறேன்."

"நான் சும்மா பேச்சுவாக்குல..."

"இல்ல. பேச்சுவாக்குல இல்ல. அன்னிக்கி மலைக்கிச் சொன்னதயே இன்னிக்கிக் கடலுக்கும் சொல்லிட்டீங்க."

நான் மூடியைக் கீழே வைத்தேன்.

அவளுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில், கல்வராயன் மலையில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கு ஆசிரியை தேடினார்கள். அவள் ஆசையாக விண்ணப்பித்திருந்தாள். எனக்குத் தெரிந்த கல்வி அதிகாரி ஒருவர் டீக்கடையில் என்னைப் பார்த்து, "உங்க வூட்ல வருவாங்களா? ஆர்டர் போட்டுடலாமா?" என்று கேட்டார். "அவங்களுக்கு மலை ஒத்துக்காதுங்க" என்று சொன்னேன். அவள் மலையேறியதே இல்லை, ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாரம் முழுக்க மலையில் அலைந்துவிட்டு வரும்போது அவள் கீழே வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்டர் வரும், வரும் என்று அவள் ஒரு வருடம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளோடு சேர்ந்து, இன்னும் வரலையே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த ஆபீசர் சம்சாரம் அப்பவே சொன்னாங்க. மலை ஒத்துக்காதாமே, ஆஸ்துமாவான்னு கேட்டாங்க." சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்து போனது. "நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் அப்போதே படகேறி முதல்வரைப் பார்த்து எல்லாம் என் தவறு என்று சொல்கிறேன் என்றேன். சட்டையை மாற்றக்கூடக் கிளம்பிவிட்டேன்.

"வேணாம். எனக்காக இனிமே நீங்க பேச வேணாம். மன்னிப்பு கேக்கறதுக்குக்கூட."

அவளே போய்ப் பேசினாள். பிள்ளைகளின் பெற்றோர் சிலரும் பேசினார்கள். பட்டியல் மேலே போய்விட்டது, புது ஆசிரியருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. முதல்வர் வருத்தப்பட்டாராம். கணவரே சொன்னதால் கலந்து பேசித்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றாராம். நியாயம்தானே. தெற்கே வெகுதூரத்தில் வேறொரு தீவில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் என் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு தனியாக ஊர் திரும்பினேன்.

அந்தக் கடைசி வாரங்களிலும் வியாழக்கிழமை படகேறினேன். இஸ்திரி போட்டுக்கொள்ளவில்லை, பையன்களும் பாடவில்லை. அவள் சோறு போட்டாள், ஊர்க்கதை கேட்டாள். கிளம்பும் நாளில் துறைவரை வந்தாள். என் பெட்டியை நானே சுமந்தேன்.

புதுத் தீவிலிருந்து, தினமும் சாயங்காலம் போனில், பழைய பிள்ளைகளுக்குப் பரீட்சை வரை அவள் பாடம் நடத்தினாள். பெரும்பாலோர் தேறினார்கள். ஆசிரியர் மாறிய குழப்பத்தில் இரண்டு பேர் உயிரியலை விட்டுவிட்டு வணிகப் பாடம் எடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, துறைக்கல்லில் அந்த மீனை அறுத்தவள். இதை அவள் என் குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னாள். எனக்கு இன்றும் சூரை மீனைக் கடையில் பார்த்தால் அந்தப் பெண்ணின் கை ஞாபகத்துக்கு வருகிறது.

இவ்வளவு நாள் கழித்து இதை எழுதக் காரணம், போன மாதம் வந்த ஒரு போன்.

"ஏங்க, இங்க பள்ளிக்கூடத்துல தோட்டம் வெக்கறாங்க. மணலுதான். பள்ளம் தோண்டத் தெரிஞ்ச ஆள் வேணும். கொஞ்ச மாசத்துக்கு. வரீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

அது தயக்கமில்லை என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். என் பதிலை என்னிடமே கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பாள், எப்போதுமே அவள் அப்படித்தான். இரவெல்லாம் யோசிப்பதாகப் பாவனை செய்துவிட்டு, காலையில் கூப்பிட்டுச் சரி என்றேன்.

நேற்று தேனும் சாமையும் வாங்க மலைக்குப் போனேன். வளைவுகளில் பேருந்து திணறி ஏறியது. அந்தப் பள்ளிக்கூடம் இப்போது பெரிய கட்டடம். சீருடைப் பிள்ளைகள் மதில் ஓரமாக வரிசையில் போனார்கள். ஜன்னல் வழியாகக் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தேன். அவள் இங்கே இருந்திருந்தால் நானும் மேலேயே இருந்திருப்பேன், வாரம் முழுக்க அவளோடு. அந்தக் கணக்கு அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்றேன். டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"மறுபடியுமா சார்? ஷோக்காத்தான் கெளம்பிட்டீங்க. டீச்சரம்மா எப்போ நம்ம ஊருக்கே வராங்க?"

வாய் திறந்தது. அடுத்த வருஷம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதை டீயோடு விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாதுபா. இரு, போன் போட்டுத் தரேன், நீயே கேளு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "வணக்கம்ங்க டீச்சரம்மா" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பிடிங்களா? ஜாஸ்தி தூரமாச்சுங்களே. சரிங்க, சரிங்க" என்றார், ஒரு தடவை வயிறு குலுங்கச் சிரித்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது அவள் வைத்துவிட்டிருந்தாள்.

"இன்னா சொன்னா?"

"எப்ப வராங்கன்னு சொல்லிட்டாங்க சார்." அவர் பால் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. நீங்க நேர்ல வந்து கேக்கணுமாம்."

உளுந்தூர்பேட்டை வண்டி வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.